வாசிப்பறையில் யாரும் இல்லை

புதிய கட்டடம் வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் புலம்பப்போவதைக் கேட்டுவிட்டு, பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தேனியிலிருந்து போடி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அங்கே நான் நூலகர். பதினாறு வருடமாக இதே வேலை. பழைய நூலகம் முதல் மாடியில் ஒரே நீளக் கூடமாக இருந்தது. காலையில் அட்டெண்டர் வந்ததும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எல்லா ஸ்விட்சையும் தட்டிவிட்டுப் போவார். அலமாரிகளுக்கு நடுவே யாருமே நுழையாத சந்துகளில்கூட டியூப்லைட் மாலை வரை எரிந்துகொண்டிருக்கும். நான் சந்து சந்தாகப் போய் அணைப்பேன். அரை மணி நேரத்தில் யாராவது ஒரு புத்தகம் தேட வந்து போட்டுவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பவும் போய் அணைப்பேன். சித்திரை, வைகாசியில் தளத்துச் சூடு தலையில் இறங்கும். மதியத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்து படிக்க யாராலும் முடியாது. அதனால், ஆள் வந்தால் விளக்கு தானாக எரியும், போனால் தானாக அணையும், கூரையில் சூரிய மின்தகடு, சுவருக்குள் சூடு இறங்காத செங்கல் என்றெல்லாம் கல்லூரி முதல்வர் கூட்டத்தில் சொன்னபோது நான் மனதாரக் கைதட்டினேன்.

ஒவ்வொரு துறையும் தனக்கு என்ன தேவை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை இடுக்குகள் வழியாக இறங்கி வந்து, ஆவணி முடிகிற வரைக்கும் கதவுகளை அறைந்துகொண்டே இருக்கும். அதை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றை உள்ளே விட்டாலே வருடத்தில் மூன்று நான்கு மாதம் ஏ.சி. போட வேண்டியதில்லை. மேற்கிலும் கிழக்கிலும் எதிரெதிராக ஜன்னல் வையுங்கள், காகிதம் பறக்காதபடி மேசை மட்டத்துக்கு மேலே வையுங்கள், சாயங்கால வெயில் உள்ளே விழாமல் வெளியே ஒரு தடுப்புக் கொடுங்கள் என்று எழுதினேன். நாற்காலி, மேசை, பிளக் பாயிண்ட் எல்லாம் எழுதினேன். வாசிக்க வருகிறவர்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவார்கள் என்று மட்டும் எழுதவில்லை. அது எழுதித் தெரிய வேண்டிய விஷயமா என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வரைபடம் வந்தது. நான் ஜன்னல் கேட்ட இடமெல்லாம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. திறக்க முடியாத, சூட்டைத் தடுக்கிற கறுப்புக் கண்ணாடி. சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் இளைஞர், நல்ல மரியாதையானவர். வெளிக்காற்று உள்ளே வந்தால் ஏ.சி.யின் கணக்கு கெட்டுவிடும், கணக்கு கெட்டால் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான புள்ளி குறையும் என்று விளக்கினார். காற்று வந்தால் ஏ.சி.யே வேண்டாம் என்றுதானே நான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டோம் மேடம் என்றார். எந்த ஊர்க் காற்றைப் போட்டீர்கள் என்று கேட்டேன். மதுரை என்றார். தேனிக்கென்று தனியாகத் தகவல் கிடைக்கவில்லையாம்.

மதுரையில் அடிக்கிறதும் இங்கே அடிக்கிறதும் ஒன்றா என்று நான் கேட்டிருக்க வேண்டும். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்ற துறைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். காகிதம் என் முன்னால் வந்தது. போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கட்டடம் திறந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நுழைவாயிலில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. எந்த அறை எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். குறைவாகச் செலவழிக்கும் அறை பச்சை, நடுத்தரம் மஞ்சள், அதிகம் சிவப்பு. நூலகம் முழுதும் இரண்டாம் தளத்துக்குப் போனது. ஸ்விட்சு என்ற பொருளே அந்தத் தளத்தில் கிடையாது. கூரையில் வரிசைக்கு ஒன்றாக, சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சென்சார்கள். அவைதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் எங்களிடம் கணிதம் படித்து முடித்தவள். அரசு வேலைக்கான போட்டித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் வாசிப்பறையில் வந்து படிக்கலாம் என்று எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. இருபது பேர் வரை வருவார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். இவள் ஊர் பொட்டிப்புரம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லாரும், அங்கேதானே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் போகிறார்கள் என்று ஆரம்பித்துவிடுவதால், அலுத்துப்போய், போடிப் பக்கம் என்று மட்டும் சொல்லுவாள். வீட்டில் தென்னையும் கொஞ்சம் சோளமும். படிக்கத் தனியாக ஓர் இடம் கிடையாது. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு பஸ் மாறி, நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பாள். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். பேனா ஓடுகிற கை தவிர வேறெதுவும் அசையாது.

அவள் தலைக்கு மேலேதான் முதலில் விளக்கு அணைந்தது.

பத்து நிமிடம் அசைவு தெரியாவிட்டால் ஆள் இல்லை என்று சென்சார் முடிவு செய்யும். மேலே கூரையில் இருப்பதற்குப் பேனா ஓடுவதும் பக்கம் திருப்புவதும் கண்ணில் படாது. முதல் நாள் யாரோ ஒருத்தி கையைத் தூக்கி ஆட்டினாள், விளக்கு வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாலாவது தடவை அணைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், நாங்க உள்ள இருக்கோம்னு இதுக்கு எப்புடிச் சொல்றது?"

கேலியாகக் கேட்கவில்லை. அதற்கு ஏதோ ஒரு வழி இருக்கும், அது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

எங்கள் கல்லூரி வயர்மேனைக் கூப்பிட்டேன். எனக்கு முன்னாலேயே வேலையில் சேர்ந்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பழைய கட்டடத்தில் எந்த மூலையில் எந்த ஒயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் ஏணி போட்டு ஏறி, சென்சாரைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"நேரத்தக் கூட்டி வச்சா சரியாயிரும் மேடம். ஆனா அது இங்கன இல்ல. மெட்ராஸ்ல இருந்து செட் பண்ணியிருக்காக. நான் கைய வச்சா வாரண்டி போயிரும்னு எழுதியே குடுத்துட்டாக."

சென்னைக் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். வாசிப்பறையில் விளக்கு அணைந்துபோகிறது என்றேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, சிஸ்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் வாசிப்பறையில் இப்போது யாரும் இல்லை என்று காட்டுகிறது என்றாள். நான் கண்ணெதிரே எண்ணினேன். பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

"பதினெட்டுப் பேர் இருக்கோம்மா" என்றேன்.

"அப்படீன்னா கொஞ்சம் கையை அசைக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

புகார் எண் கொடுத்தாள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவை போன் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுப்பார். ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றினால் சான்றிதழுக்குக் கொடுத்த கணக்கு மாறும், அதனால் ஆலோசகர் ஒப்புதல் வேண்டும் என்பார்கள். ஆலோசகரைக் கேட்டால், கல்லூரி எழுதிக் கேட்க வேண்டும் என்பார். கல்லூரி அலுவலகத்தைக் கேட்டால், சான்றிதழ் வருகிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்பார்கள்.

ஏ.சி. கதை வேறு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது வாசலில் அட்டை தேய்க்கிறவர்களை வைத்துக் கணக்குப் போடும். பழைய மாணவர்களுக்கு அட்டை கிடையாது, நோட்டில் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். வகுப்பு இல்லாத சனிக்கிழமைகளில் அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அன்றைக்குக் காற்று வருகிற துவாரம் மெல்ல மெல்ல மூச்சை அடக்கிக்கொள்ளும். பதினொரு மணிக்கெல்லாம் அறை புழுங்க ஆரம்பிக்கும். அட்டை கொடுங்கள் என்று கேட்டேன். பழைய மாணவர்கள் என்ற பிரிவே மென்பொருளில் இல்லை என்று பதில் வந்தது.

விளக்குக்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போடிப் பக்கத்துப் பெண்தான் காகிதத்தில் கட்டம் போட்டு ஒரு முறை எழுதினாள். எட்டு நிமிடத்துக்கு ஒருத்தி எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வரிசைக்கு ஒரு பெயர். யார் சுற்றுகிறார்களோ அவர்கள் தாளைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டே நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வேண்டுதலுக்குப் பிராகாரம் சுற்றுவது மாதிரி இருக்கும். ஒரு கணக்கை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தால், அந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்துதான் வரும். அதை அவர்கள் யாரும் என்னிடம் முறையிடவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. பழைய கூடத்தில் நான் ஒருத்தி சுற்றினேன், இங்கே எல்லாரையும் சுற்ற வைத்துவிட்டேன்.

அந்த நடையால் விளக்கு நிற்காமல் எரிந்தது. எரிந்ததால் நுழைவாயில் திரையில் நூலகம் சிவப்பானது. மாத முடிவில் முதல்வர் என்னை அழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கட்டடத்துக்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சான்றிதழுக்கான ஆய்வுக் குழு வரப்போகிறது, இந்த நேரத்தில் நூலகம் மட்டும் இப்படிச் சிவப்பாக நின்றால் எப்படி என்று வருத்தமாகக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன், சனிக்கிழமையைச் சொன்னேன், எட்டு நிமிட நடையைச் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு, சான்றிதழ் வரட்டும், பிறகு எல்லாவற்றையும் சரி செய்யலாம் என்றார். அதுவரைக்கும் மாணவிகளைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்றார்.

ஆடி வந்தது. கண்ணாடிக்கு வெளியே வேப்பமரம் தலையை விரித்து ஆடியது. சாலைக்கு அப்பால் காற்றாலைகள் நாள் முழுக்கச் சுழன்றன. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனார்கள். உள்ளே ஓர் இலை அசையாது. இருபது பேர் விட்ட மூச்சையே திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் கரண்ட் போனது. பராமரிப்புக்காக மதியம் வரை வராது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். எனக்குக் கவலை இல்லை, தலைக்கு மேலேதான் கூரை முழுக்கச் சூரியத் தகடு இருக்கிறதே என்று இருந்தேன். அறை இருட்டானது இருட்டானதுதான். ஜெனரேட்டர் அலுவலகத்துக்கு மட்டும். வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெளி லைன்ல கரண்ட் இருந்தாத்தான் மேடம் மேல இருக்கதும் வேலை செய்யும். அப்புடித்தான் போட்டுக் குடுத்திருக்காக. பேட்டரி வைக்கல."

எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். காற்று தாள்களைப் பறித்துக்கொண்டு போனது. படிப்பதற்குப் பதில் ஆளாளுக்குத் தாளைத் துரத்தினார்கள். வேண்டிய இடத்தில் காற்று இல்லை, வேண்டாத இடத்தில் இத்தனை. அன்றைக்கு அந்தப் பெண், "பஸ் காசுக்கு வீட்ல பதில் சொல்லணும் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அடுத்த நாள் நான் வயர்மேன் அண்ணனிடம், இவர்கள் உட்காருகிற இரண்டு வரிசைக்கு மட்டும் ஒரு ஸ்விட்சு போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். முடியும் என்பதற்கும் செய்வதற்கும் நடுவில் அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, நீங்க கேட்டதா இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே தூணில் ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்து, அந்த இரண்டு வரிசையைச் சென்சாரிலிருந்து பிரித்துக் கொடுத்தார். ஒன்பது நாள் அந்த வரிசை நிம்மதியாகப் படித்தது. நடைக்குப் போட்ட முறைத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். போகும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள்கூட மறக்கவில்லை, நான் நின்று பார்த்திருக்கிறேன்.

பத்தாவது நாள் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு சென்சார்கள் பதில் சொல்லவில்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று. வயர்மேன் அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். நான் கேட்டதால்தான் செய்தார், பொறுப்பு என்னுடையது என்று உடனே எழுதிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு மெமோ வந்தது. அவருடைய மெமோவை ரத்து செய்யவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. அத்தனை வருடத்தில் அவர் பெயரில் ஒரு காகிதம் வந்ததில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். "விடுங்க மேடம்" என்றார். திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆய்வுக் குழு வந்தது புரட்டாசியில். மூன்று பேர். அன்றைக்கு எல்லா வகுப்பிலிருந்தும் மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் அலமாரிகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தார்கள். எல்லாரும் அட்டை தேய்த்து உள்ளே வந்தவர்கள். அத்தனை பேர் நடந்தால் விளக்கு எப்படி அணையும், குளிர்காற்று எப்படி நிற்கும்? ஒரு தடவையாவது அணையாதா என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அணையவில்லை. கட்டடம் அன்றைக்குப் போல் என்றைக்கும் நன்றாக வேலை செய்ததில்லை.

குழுவில் ஓர் அம்மா என்னிடம் வந்து, பயன்படுத்துகிறவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டார். முதல்வர் பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன். சத்தமில்லாமல், ஆனால் முழுதும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு லேசானது. அந்த அறிக்கையின் நகல் பிறகு வந்தது. நூலகத்தில் பயன்படுத்துகிறவர்களுக்கு மின்சிக்கனம் பற்றிய விழிப்புணர்வுப் பயிற்சி தேவை என்று அதில் எழுதியிருந்தது. கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணைக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது வாசிப்பறையில் ஏழு பேர்தான் இருந்தார்கள். அந்தப் பெண் இல்லை. இரண்டு வாரத்தில் அந்த ஏழும் மூன்றானது. தேனியில் பொது நூலகத்துக்குப் போகிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். அங்கே நாற்காலிக்குச் சண்டை, ஆனால் விளக்கு எரிகிறதாம். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தேனி வரை வந்து போவது கட்டுப்படி ஆகவில்லை, ஊரிலேயே யாரோ வீட்டு மாடியில் உட்கார்ந்து படிக்கிறாள் என்றார்கள். போன் செய்தேன். எடுத்தாள்.

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல மேடம். பரீட்சைக்கு நாள் கிட்ட வந்துருச்சு. நடந்துக்கிட்டே படிக்க முடியல" என்றாள்.

அந்த வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மிகக் கொஞ்சத்தில் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கள் அறையால்தான் போனது என்று நான் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

வாசிப்பறை காலியானதும் திரையில் நூலகம் மஞ்சளானது. தை மாதத்தில் பச்சையும் ஆனது. குடியரசு தின விழா முடிந்து நடந்த ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் அதைக் குறிப்பிட்டார். வளாகத்திலேயே அதிக முன்னேற்றம் காட்டிய பிரிவு என்று என் பெயரைச் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார். கைதட்டினார்கள். நான் எழுந்து போனேன், ஆனால் கையை நீட்டவில்லை.

"சார், அங்கன படிக்க ஆளே வரல சார். அதான் பச்சை" என்றேன்.

மேடைத் தமிழ் வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். முதல்வர் முகம் சுருங்கியது, கோபத்தால் என்று அப்போது நினைத்தேன். பத்திரத்தை மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், போடி ஏலக்காய்க் கமிஷன் கடையில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவர், இதைத் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றார். தனியாகப் போய் எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது என்று அவரிடம் கத்தினேன். அவர் மேல் கத்தி என்ன ஆகப் போகிறது.

மறுவாரம் முதல்வர் முன்னறிவிப்பு இல்லாமல் வாசிப்பறைக்கு வந்தார். யாரும் உட்காராத வரிசையில் உட்கார்ந்து ஒரு கோப்பைப் பிரித்தார். நான் என் மேசையிலேயே இருந்தேன். பத்து நிமிடத்தில் அவர் தலைக்கு மேல் அணைந்தது. கையை ஆட்டினார், வந்தது. மறுபடி அணைந்தது. மறுபடி ஆட்டினார். மூன்றாவது தடவை ஆட்டவில்லை, கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் கோப்பை முகத்துக்கு அருகே பிடித்துப் படித்து முடித்தார். போகும்போது என்னிடம், இதை நான் இவ்வளவு என்று நினைக்கவில்லை என்றார். இத்தனை மாதமாக இவ்வளவுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழும் அதற்குள் வந்திருந்ததால் அவரே எழுதினார், அவரே போன் செய்தார். முதல்வர் போன் செய்தாலும் சென்னையில் வேறு வேறு ஆட்கள்தான் எடுத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கடைசியில் ஆனி மாதம் ஒரு நாள், ஏணி இல்லாமல், ஆள் வராமல், சென்னையில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் பத்து என்ற எண்ணை அழித்துவிட்டு நாற்பத்தைந்து என்று அடித்தார். அவ்வளவுதான் வேலை. ஒரு நிமிடம் ஆகியிருக்குமா தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். பழைய மாணவர்களுக்கு அட்டையும் வந்தது, விருந்தினர் என்று அச்சடித்து. கண்ணாடியைத் திறக்க மட்டும் வழி இல்லை. அதை வெட்டினால் கட்டடத்தின் முகப்பே போய்விடும் என்கிறார்கள்.

விஷயம் தெரிந்து மெல்ல ஆட்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். புது முகங்கள். நடந்துகொண்டே படித்த கதையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பொட்டிப்புரத்துக்கு நான் போன் செய்து, இப்போது சரியாகிவிட்டது, வா என்றேன். பார்க்கிறேன் மேடம் என்றாள். இன்னும் வரவில்லை. மாடியில் உட்கார்ந்து படித்துப் பழகிவிட்டது போல. வயர்மேன் அண்ணன் போன மாதம் ஓய்வு பெற்றார். அவருடைய மெமோவைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது மாணவிகள் விடுதிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. அதுவும் தானே யோசிக்கும் கட்டடம்தான். குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில், படுத்துக்கொண்டு படிக்கிற பெண்களைக் கூரையிலிருக்கும் சென்சார் எப்படிக் கண்டுபிடிக்கும், ஆடிக்காற்றுக்கு எந்தப் பக்கம் திறப்பு வைத்திருக்கிறீர்கள், கரண்ட் போனால் அறையில் ஒரு விளக்காவது எரியுமா என்று மூன்று கேள்வி கேட்டேன். நல்ல கேள்விகள் என்றார்கள். நேற்று கூட்டக் குறிப்பின் நகல் என் மேசைக்கு வந்தது. நாலாவது பத்தியில், நூலகர் சில கருத்துகளைத் தெரிவித்தார் என்று இருக்கிறது. என்ன கருத்து என்று எழுதவில்லை. மூன்று கேள்வியையும் முழுதாக எழுதி, குறிப்போடு சேர்க்கச் சொல்லி, இன்று காலையில்தான் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கியிருக்கிறேன்.